முதன்மை எண்ணும் மெய்யறிதலும்

ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதோர் எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றினும் பெரிய எண்ணை முதன்மை எண் என்பர். பகா எண் என்பதும் அதுவே. இவ்வெண்களுக்கு முடிவில்லை என்பதை யூக்கிளிட்டு கி. மு. 300 அளவிலேயே நிறுவினார். ஆயினும், குறித்த ஒரு பேரெண் முதன்மை எண்தானா என்றறிதல் எளிதன்று. அவ்வறிவு வளர்ந்த வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

பிரான்சியத் துறவியாகிய மேர்சென், இரண்டின் வலுவொன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வரும் எண்களுள், 257ஆம் வலு வரை, முதன்மையானவை இவையென 1644இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அத்துணைப் பெரிய எண்களை அவர் சோதித்திருத்தல் இயலாது. 67ஆம் வலுவும் 127ஆம் வலுவும் அப்பட்டியலில் இருந்தன. அவை மெய்யோ பொய்யோ என்பது இருநூறாண்டுக்கு மேலாகத் துணியப்படவில்லை.

1876இல் எட்வார்ட் லூக்கா தாம் கண்ட சோதனையால் இரண்டையும் துணிந்தார். அச்சோதனையை லேமர் 1930இல் செப்பனிட்டார். அதன்படி, நான்கில் தொடங்கி, வர்க்கித்து இரண்டைக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியைக் கொள்ளல் வேண்டும். வலு இரண்டினும் பெரிய முதன்மை எண்ணாயிருக்க, அவ்வலுவினும் இரண்டு குறைந்த தடவை இதனைச் செய்து மீதி அற்றுப்போமாயின், அவ்வெண் முதன்மையானது, அன்றேல் அன்று. இரண்டின் 5ஆம் வலுவினின்று பிறக்கும் 31ஐ எடுத்துக்கொள்வோம். மூன்று தடவை செய்தல் வேண்டும். முதலில் 14 வரும். அடுத்து 194 வர, மீதி 8. அடுத்து வரும் 62, மீதியின்றி வகுபடும். எனவே 31 முதன்மை எண்.

127ஆம் வலு தரும் எண் 39 இலக்கங்களையுடையது. பொறியின் துணையின்றி லூக்கா அதனை முதன்மையெனக் கண்டார். 1951 வரை அதனினும் பெரிய முதன்மை எண் அறியப்படவில்லை. 67ஆம் வலுவோ பிழையாயிற்று. காரணி இன்னதென்று காணாமலே காரணி உண்டென்று அவர் காட்டியமை வியத்தற்குரியது. 193707721, 761838257287 என்னும் அக்காரணிகளைக் கோல் என்னும் அமெரிக்கர் 1903இல் வெளியிட்டார். 257ஆம் வலுவும் பிழையென்பதும், 61, 89, 107 ஆகியவை விடுபட்டன என்பதும் பின்னர்த் தெளிந்தன.

ஏனைய எண்களுக்குப் பேர்மாவின் சோதனை பயன்பட்டது: முதன்மை எண்ணொன்றை வலுவாகக் கொண்டு எவ்வெண்ணை உயர்த்தி, அவ்வெண்ணையே கழிப்பினும், எச்சம் அம்முதன்மை எண்ணால் வகுபடும். ஆனால் இராமானுசன் பெயரோடு புகழ்பெற்ற 1729, ஏழு, பதின்மூன்று, பத்தொன்பது என்பவற்றின் பெருக்கமாயிருந்தும் இச்சோதனையில் எங்கும் தவறாது; முதன்மை எண்போலவே நடித்து நிற்கும். இவ்வேமாற்றத்திற்கிடமின்றி, ஊகமெதனையும் துணைக்கொள்ளாது, இலக்கத் தொகையின் ஒரு குறித்த வலுவை விஞ்சாத அளவான படிகளில் எவ்வெண்ணையும் துணியும் முறையை 2002இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் அளித்தனர். எனினும் மேர்சென் எண்களுக்கு லூக்கா நெறியே விரைவானது. 2024இல் அறிவிக்கப்பட்ட, 4,10,24,320 இலக்கங்களையுடைய முதன்மை எண்ணும் அந்நெறியாலேயே உறுதிப்பட்டது.

யார் கூறினும் ஆராய்ந்தே கொள்க என்பது வள்ளுவர் நெறி. நம் மலைநாட்டிலே, நிறுத்த கொழுந்தின் எடையைத் தாமே கூட்டிப் பார்க்க வல்லாரை ஏடு ஏமாற்றுதல் அரிது. தோட்டப் பாடசாலைச் சிறுவர்க்குக் கணிதம் தரும் முதற்பயன் அதுவே. 31இற்குச் செய்த கணக்கைத் தாளும் பென்சிலும் உடைய எம்மாணவரும் செய்து பார்க்கலாம். மேர்சென் பட்டியலைத் திருத்தியதும் அவ்வகைக் கணக்கேயாம்.