உப்பு வாருகிறவர் யார்?

என் அத்தைக்குக் கூனிமேடு. முப்பது வருஷம் இருட்டோடு எழுந்து, தூக்குவாளியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு, மரக்காணம் உப்பளத்துக்குப் போய் வந்தவர். போன வருஷம் ஏதோ ஒரு விண்ணப்பத்தை நிரப்பித்தரச் சொன்னார். 'தொழில்' என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"என்ன போடட்டும் அத்தை?"

"உப்பு வார்றதுன்னு போடு. வேற இன்னா செஞ்சேன்?"

அப்படியே எழுதினேன். வாங்கிப் பார்த்த அலுவலர் அதை அடித்துவிட்டு 'கூலி' என்று எழுதினார். கேட்டதற்கு, உப்பை 'மேனுஃபாக்சர்' செய்கிறவர் குத்தகைதாரர்தான், இந்த அம்மா இல்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை. விளக்கத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்த வினைச்சொல் தொண்டையில் மாட்டிக்கொண்டது.

ஆங்கிலத்தில் 'மேக்' என்பது எல்லா வீட்டிலும் புழங்கும் சொல். டீ போடுவதும் அதுதான், நாற்காலி செய்வதும் அதுதான், சட்டம் இயற்றுவதும் அதுதான். அதன் பங்காளிகள் புரொட்யூஸ், மேனுஃபாக்சர், எக்ஸ்ட்ராக்ட், கலெக்ட், ஹார்வெஸ்ட் என்று நீள்கிறார்கள். இவற்றில் மேனுஃபாக்சர் கொஞ்சம் கோட்டு போட்ட சொல். கேட்டதும் புகைபோக்கியும் சங்கும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் லத்தீன் வேரைப் பிரித்தால் 'கையால் செய்தது' என்று மட்டும்தான் பொருள். கை எப்போது அதிலிருந்து கழன்று விழுந்தது என்பதுதான் என் கேள்வி.

தமிழில் உப்புக்கு 'செய்' அவ்வளவாக ஒட்டுவதில்லை. உப்பு விளைகிறது, நெல் விளைவது மாதிரியே. நிலத்துக்குப் பேர் அளம். உள்ளே பாத்தி கட்டுகிறோம், தண்ணீர் பாய்ச்சுகிறோம். சங்கப் புலவர் ஒருவருக்கே உப்பு விளைவிப்பவர்கள் ஏர் பிடிக்காத உழவர்களாகத் தெரிந்திருக்கிறார்கள். விளைந்ததை வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோன உமணர்கள் வேறு. இலக்கணப்படி பார்த்தால் 'விளை' தன்வினை. செய்பவர் அதில் இல்லை. வெயிலும் காற்றும் கடல்நீரும் இருக்கின்றன. மனிதர் நுழைய வேண்டுமானால் 'விளைவி' என்று பிறவினையாக்க வேண்டும். அளத்தில் அப்படி யாரும் பேசிக் கேட்டதில்லை. "இந்த வருஷம் நல்லா விளைஞ்சுது" என்பார்கள், அவ்வளவுதான். செவரில் உப்பு 'பூக்கும்'. அடுப்பில் வைத்தால் மட்டும் 'காய்ச்சுவது'. தரையில் கிடப்பதை 'அள்ளலாம்', 'சுரண்டலாம்', 'பொறுக்கலாம்'. பாத்தியில் படிந்ததைப் பலகை கட்டிய நீளக் கழியால் இழுத்து வரப்போரம் சேர்ப்பது 'வாருவது'. அத்தை சொன்னது இதைத்தான். கொஞ்சம் அழுத்தி இழுத்தால் அடி மண்ணும் கூட வந்துவிடும், உப்பு கறுத்துப்போகும். அந்த அளவு கையில் பிடிபட இரண்டு வருஷம் ஆகும் என்பார்.

அதற்கு முன்னால் உள்ள வேலையும் லேசில்லை. மழை விட்டதும் பாத்தியின் தரையைச் சேறாக்கி மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றிக் காயவிட வேண்டும். சாதாரணக் கடல்நீர் பாமே அளவையில் மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். இருபத்தைந்தை நெருங்கும்போதுதான் உப்பு இறங்கத் தொடங்கும். முப்பதுக்குப் போகவிட்டால் கசப்பு உப்புகளும் சேர்ந்துகொள்ளும். அதற்குள் அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். அத்தை எந்தக் கருவியையும் தொட்டதில்லை. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்வார்.

இங்கிலாந்தில் உப்பு பெரும்பாலும் காய்ச்சி எடுத்தது. செஷயரில் உப்புநீரை இரும்புத் தட்டுகளில் ஊற்றி நிலக்கரியை எரித்தார்கள். அங்கே 'மேக்' பொருந்தும். அடுப்பு இருக்கிறது, ஆள் இருக்கிறது. அந்தச் சொல்தான் கப்பலேறி நம் கரைக்கு வந்தது.

கப்பல் என்றதும் ஒன்று. கூனிமேட்டுக்கும் அந்தக் கப்பல் வந்திருக்கிறது. 1680-களில் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே ஒரு பண்டகசாலை நடத்தியது. அவர்கள் காகிதங்களில் ஊர்ப்பெயர் 'கானிமியர்'. வந்தது துணிக்காக, உப்பை அப்போது அவர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 1690-இல் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியதும் ஜாகை அங்கே போயிற்று.

உப்பின் மீது கண் விழுந்தது நூறு வருஷத்துக்கு மேல் கழித்து. 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் ஏகபோகம் ஆனது. உப்புக்கு வரி புதிதல்ல; சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே 'உப்பாயம்' உண்டு. விளைந்ததில் பங்கு கேட்பது ஒன்று, அனுமதியில்லாமல் விளைவதையே குற்றமாக்குவது வேறு. பக்கத்துப் புதுச்சேரியையும் விடவில்லை. 1818-இல் பிரெஞ்சுக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டு, ஆண்டுதோறும் நஷ்டஈடு கொடுத்து, அவர்கள் பகுதியில் உப்பெடுப்பதை நிறுத்த வைத்தார்கள்.

ஆனால் ஏகபோகத்துக்கு ஒரு சங்கடம். கடற்கரையில் உப்பு கேட்காமலே பூக்கிறது. கழிமுகச் சேற்றில், கோடை வெயிலில், யாரும் 'செய்யாமல்' வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. குனிந்து ஒரு கை அள்ளிக்கொண்டு போகிறவளை எப்படிப் பிடிப்பது? வினைச்சொல்லை அகலப்படுத்தித்தான். பழைய உப்புச் சட்டங்களைத் திரட்டி வந்த 1944-ஆம் ஆண்டு மத்தியக் கலால் மற்றும் உப்புச் சட்டம் 'மேனுஃபாக்சர்' என்பதற்குத் தந்த விளக்கத்தைப் படித்தால் தெரியும்: சேகரித்தல், அகற்றுதல், ஊறவைத்தல், ஆவியாக்குதல், காய்ச்சுதல், மண்ணிலிருந்து உப்பைப் பிரித்தல், தானாகப் படிந்ததையோ பூத்ததையோ தோண்டுவது, எடுப்பது எல்லாமே அதற்குள். நம் 'அள்ளு'வும் 'சுரண்டு'வும் 'பொறுக்கு'வும் ஒரே சொல்லின் வயிற்றில்.

1930 ஏப்ரல் 6 அன்று தண்டிக் கரையில் காந்தி செய்தது இதுதான். அடுப்பு மூட்டவில்லை, சேறும் உப்புமாகக் கிடந்ததை ஒரு பிடி எடுத்தார். ஆங்கிலப் பாடப்புத்தகங்கள் அவர் உப்பு 'மேட்' என்றே எழுதுகின்றன. சட்டத்தின் அகராதிப்படி சரிதான். ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து நூறு பேர் அளவில் ராஜாஜியோடு நடந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டாலே தண்டனை என்று அறிவித்திருந்தார் தஞ்சை கலெக்டர் தார்ன். ஏப்ரல் 30 காலை வேதாரண்யம் உப்புச் சதுப்பில் அள்ளிய உப்புக்கு ராஜாஜிக்கு ஆறு மாதச் சிறை. ஒரு வினைச்சொல்லின் அகலம் எவ்வளவு என்று அன்று அளந்து பார்த்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அதைவிடச் சுவையானது அடுத்த வருஷம். 1931 மார்ச் 5-இல் கையெழுத்தான காந்தி–இர்வின் ஒப்பந்தம், உப்பு கிடைக்கும் இடங்களை ஒட்டிய கிராமத்தார் வீட்டுத் தேவைக்கும் ஊருக்குள் விற்கவும் உப்பைச் 'சேகரிக்கவோ செய்யவோ' விடுகிறது; வெளியூர்க்காரருக்கு விற்கக் கூடாது. கவனியுங்கள், இரண்டு வினைகள். தண்டிக்கும்போது ஒன்றாக இருந்தது, விட்டுக்கொடுக்கும்போது இரண்டாகப் பிரிந்துவிட்டது.

1947-இல் உப்பு வரி போனது. சொல் போகவில்லை. அரசியல் சாசனத்தின் ஒன்றியப் பட்டியலில் 58-ஆவது பதிவு இன்றும் உப்பின் 'மேனுஃபாக்சர்' பற்றித்தான் பேசுகிறது. விவசாயம் அந்தப் பட்டியலில் இல்லை, அது மாநிலத்தினுடையது. விளைச்சல் என்று நாம் சொல்வது தில்லிக்கு ஆலை உற்பத்தி.

ஆக, அள்ளினவளைப் பிடிக்க வேண்டிய காலத்தில் அவள் கைக்கு அந்தச் சொல்லுக்குள் இடம் இருந்தது. இப்போது பிடிக்க வேண்டியதில்லை. சொல் சுருங்கி, உரிமம் வைத்திருப்பவர் பெயரோடு நின்றுகொண்டது. அலுவலர் பொய் சொல்லவில்லை.

அத்தையிடம் அந்தச் சட்ட விளக்கத்தைத் தமிழில் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் "ம், செஞ்சேன்" என்றார். காய்ச்சுதல் வந்தபோது மட்டும், "அத செய்யல தம்பி. வெயிலு செஞ்சுது" என்றார்.

பிறகு, "அந்தச் சட்டம் இருந்தப்போ நான் இருந்தா என்னப் புடிச்சிருப்பானா?" என்று கேட்டார்.

"பிடிச்சிருப்பான் அத்தை."

"அப்ப மட்டும் நான் உப்பு செய்றவ."

அக்டோபர் பிறந்து மழை பிடித்துக்கொண்டது. மரக்காணத்துப் பாத்திகள் எல்லாம் கரைந்து ஒரே தண்ணீராக நின்றன. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வேலையில்லா மாதங்களுக்காகத் தமிழக அரசு தரும் 5000 ரூபாயைப் பற்றி விசாரிக்க அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வரிசையில் நிற்கும்போது என் தோளைத் தட்டி, "இங்கயும் தொழில் கேட்டா நீ பேசாத, நான் சொல்லிக்கிறேன்" என்றார்.