பதினெட்டாம் நாள் தெரிந்த கதையும் தெரியாத கதையும்

விழுப்புரம் நீதிமன்ற வாசலில் ஒரு நிலத் தகராறு ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தால், "கன்னித்தீவு மாதிரிப் போகிறது" என்பார்கள். திண்டிவனத்திலும் இதே வழக்குத்தான். தமிழகம் முழுவதிலும் இதே வழக்குத்தான். ஒரு படக்கதை தன் பெயரையே மொழிக்கு மரபுத்தொடராக ஈந்துவிட்டது. காப்பியங்களுக்குக்கூட எளிதில் வாய்க்காத பேறு இது. ஆயின் அந்தத் தொடர் எந்தப் பொருளில் வழங்குகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், அது புகழா பழியா என்னும் ஐயம் எழாமற் போகாது. முடிவே இல்லாமல் இழுபடுவது என்பதே அதன் பொருள். வாசகர் சமுதாயம் நூல் எதுவும் எழுதாமலேயே, ஒரே தொடரில் தன் திறனாய்வைச் சொல்லி முடித்துவிட்டது.

'தினத்தந்தி' நாளிதழில் 1960இல் தொடங்கிய அக்கதையின் வித்து எளியதாயினும் வலியது. மந்திரவாதி மூசாவினால் உருச்சிறுத்துப்போன இளவரசி லைலாவைப் பழைய உருவுக்கு மீட்கச் சிந்துபாத் புறப்படுகிறான். கையடக்கமாகிவிட்ட ஒரு பெண்ணைக் காத்துக்கொண்டு கடலும் காடும் அலையும் வீரன் என்னும் கற்பனையில் ஒரு கவிஞன் கண்டெடுக்கத் தக்க அழகு உண்டு. அவ்வழகு எங்கே போயிற்று? நாளுக்கு இரண்டு மூன்று கட்டங்கள். ஒவ்வொரு நாளும் ஓர் இடர். அது தீருமுன் வேறோர் இடர். இருபதாயிரம் நாள்களைத் தாண்டிய பயணத்தில், புறப்பட்ட காரணமே வாசகர் நினைவிலிருந்து நழுவிவிட்டது. எந்த நாளில் படிக்கத் தொடங்கினாலும் விளங்கும் என்பது அதன் வசதி. எந்த நாளில் நிறுத்தினாலும் இழப்பில்லை என்பது அவ்வசதியின் மறுபக்கம்.

ஓவியத்தின் மீது இங்கே குறை சொல்வதற்கில்லை. தலைமுறை தலைமுறையாகத் தேநீர்க் கடைகளில் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியவர்களுக்கு அந்தக் கோட்டோவியங்களே ஆசான்கள். குறை எழுத்தினுடையது. இன்னும் நுணுகிச் சொன்னால், எங்கே போய்ச் சேரப்போகிறோம் என்பதைத் தீர்மானிக்காமல் நடக்கத் தொடங்கிய எழுத்தினுடையது.

இக்குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. சிவகாசியிலிருந்து சௌந்தரபாண்டியன் 1970களின் தொடக்கத்தில் வெளியிடத் தொடங்கிய 'முத்து காமிக்ஸ்' வழியாக நமக்கு அறிமுகமானவன் இரும்புக்கை மாயாவி. மூலத்தில் அவன் 1962இல் 'வேலியண்ட்' என்னும் ஆங்கில வார இதழில் பிறந்தவன். கென் பல்மர் எழுத, ஸ்பானிய ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ வரைந்தார். ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட லூயி கிராண்டேல், மின்னதிர்ச்சி பட்டதும் அந்தக் கை ஒன்று நீங்கலாகக் கண்ணுக்குப் புலப்படாதவன் ஆகிறான். உடல் முழுதும் மறைய, இழந்த உறுப்பின் இடத்தில் வந்த இரும்பு மட்டும் தெரிகிறது! குறையே அடையாளமாக எஞ்சும் இந்தப் படிமத்தைப் புதுக்கவிதை எழுதுவோர் யாரேனும் கண்டிருந்தால் விட்டிருக்க மாட்டார்கள். முதற்கதையில் அவன் நல்லவனும் அல்லன். வந்த ஆற்றல் அவன் தலைக்கேறுகிறது, உலகையே அச்சுறுத்துகிறான். ஆற்றல் ஒருவனை எவ்வாறு கெடுக்கிறது என்னும் கேள்வி அங்கே உயிரோடு நிற்கிறது.

பிறகு அக்கேள்வி கைவிடப்பட்டது. மாயாவி திருந்தினான், நிழற்படையின் உளவாளியானான், டாம் டல்லியின் எழுத்தில் தொடர் நீண்டபோது, 1960களின் பிற்பகுதியில், அமெரிக்க வீரர்களின் மோகத்தில் அவனுக்கும் ஒரு விசித்திர உடை மாட்டப்பட்டது, சில காலத்தில் அதுவும் கழற்றப்பட்டது. கதாநாயகன் யார் என்பதில் எழுதியவர்களுக்கே தெளிவில்லை என்பதற்கு அந்த உடை மாற்றங்களைவிட வேறு சான்று வேண்டா.

குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடரின் வரலாறும் ஏறக்குறைய இதுதான். 1965இல் இங்கிலாந்தின் 'லயன்' வார இதழில் டெட் கோவன் எழுத, ரெக் பன் வரைந்த அத்தொடரில், உலகக் குற்றவாளிகளுக்கெல்லாம் தலைவனாக முடிசூட்டிக்கொள்ளத் துடிக்கும் ஒருவனே நாயகன். கூடவே பெல்ஹாம், ஆர்டினி என இரு கூட்டாளிகள். அவர்கள் அவனுக்கு அஞ்சியும் அவன்மீது பொறாமை கொண்டும் இருப்பவர்கள். நாடகத்துக்கு இதைவிட நல்ல அடித்தளம் எது? எழுத்துப்பணி ஜெர்ரி சீகலிடம் வந்தது. 'சூப்பர்மேன்' பாத்திரத்தைப் படைத்த இருவருள் ஒருவர் அவர். அவர் கையில் ஸ்பைடர் தீயோரை ஒழிக்கும் காவலனாக மாறினான். வாரந்தோறும் முன்னதைவிட விந்தையான ஒரு பகைவன் வந்தான், தோற்றான். விந்தை பெருகப் பெருக மனிதன் சுருங்கினான். 1984இல் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய தமிழ் 'லயன் காமிக்ஸ்' வழியாக அவனைப் படித்த சிறுவர்கள் அவனைக் கொண்டாடினார்கள்; அவர்களுடைய மகிழ்ச்சி பொய்யன்று. ஆனால் இன்று அக்கதைகளை எடுத்துப் படிப்போருக்கு ஒன்று கண்ணில் படும். சில பக்கங்களுக்கு ஒருமுறை நாயகன் சாவின் விளிம்பில் நிற்பான். பக்கம் புரட்டினால் தப்பிவிடுவான். வார இதழில் ஏழு நாள் இடைவெளி இருந்தபோது அது பதற்றம். ஒரே நூலாகக் கட்டியபின் அது வெறும் தையல் தழும்பு.

இவ்விடத்தில் நம் மண்ணுக்குத் திரும்புவது பொருந்தும். 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்த விழுப்புரம் மாவட்டம், தொடர்கதை கேட்பதில் எவருக்கும் இளைத்ததன்று. திரௌபதி அம்மன் வழிபாட்டுக்கு மூலக்கோயில் என்று அடியார்கள் போற்றும் மேலச்சேரி, செஞ்சிக்கு அருகில்தான் இருக்கிறது. கோடையில் ஊர்தோறும் பாரதம் நடக்கிறது. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தை விரித்துரைப்பார், இரவில் கூத்து. வில்வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்னன் சண்டை, கர்ணமோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவுகள் நகரும். இதுவும் தொடர்கதைதான். ஒவ்வோர் இரவும் பாதியில் நிற்பதுதான். கட்டியக்காரன் ஊர்க்கதை பேசலாம். பஞ்சாயத்துத் தலைவரைக் கிண்டல் செய்யலாம். நேரம் போதாவிட்டால் ஒரு பாட்டைச் சுருக்கலாம். ஆனால் எவருக்கும் ஒன்றில் ஐயமில்லை. படுகளத்தன்று காலை துரியோதனன் மண்ணுருவமாய்க் கிடப்பான், விரித்த கூந்தலைப் பாஞ்சாலி முடிப்பாள், மாலையில் தீமிதி.

துகிலுரியும் இரவில் அவள் கூந்தலை விரிக்கும்போதே அது முடியப்படும் நாள் எது என்று மைதானத்தில் அமர்ந்திருக்கும் கிழவிக்குத் தெரியும். தெரிந்தும் அவள் அழுகிறாள். முடிவு தெரிந்தால் சுவை கெட்டுவிடும் என்று இன்றைய தொடர் எழுத்தாளர்கள் அஞ்சுவதைக் கேட்டால் அவள் சிரிப்பாள். வாசகருக்கு முடிவு தெரியாமல் இருக்கலாம். எழுதுபவருக்கே தெரியாமல் இருப்பதுதான் கேடு. திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர் என்று சொல்லப்படும் வில்லிபுத்தூரார், பத்துப் பருவங்களில் நாலாயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட பாடல்களைப் பாடி, துரியோதனன் முடிவோடு நிறுத்திக்கொண்டார். எஞ்சிய பருவங்களையும் சேர்த்து, 18ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களாக விரித்தார். அவருடைய உழைப்பு மதிக்கத்தக்கதே. எனினும் நம் பக்கத்துப் பிரசங்கியார்கள் பெரிதும் நாடுவது வில்லியை. நிறுத்தத் தெரிந்தவரைத்தான் கூத்து மேடை தேர்ந்துகொண்டது என்று கூறுவது மிகையாகுமோ, அறியேன்.

இனி ஜப்பானைப் பார்ப்போம். நம் வட்டத்து மூத்தோர்க்காக ஒரு விளக்கம்: மாங்கா என்பது அந்நாட்டுப் படக்கதை, நம் ஊர் மாங்காய்க்கும் அதற்கும் உறவில்லை. அது அசைபடமாகும்போது அனிமே எனப்படும். வீட்டுப் பேரப்பிள்ளைகள் சின்சானையும் டோரேமானையும் தமிழ்க்குரலில் பார்த்து வளர்ந்தார்கள். 'டீமன் ஸ்லேயர்' தொடரின் திரைப்படம் 2025 செப்டம்பரில் தமிழ்க்குரலோடு திரையரங்குகளுக்கே வந்துவிட்டது. ஆகவே இது அயல்நாட்டுச் செய்தியாக இனியும் இருக்க முடியாது.

அங்கே 1968இல் தோன்றிய 'ஷோனென் ஜம்ப்' இதழ் ஒரு முறையை வகுத்தது. வாசகர்கள் தமக்குப் பிடித்த கதைகளை அஞ்சலட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். பின்தங்கிய தொடர் விரைவில் நிறுத்தப்படும். முன்னிற்கும் தொடரை முடிப்பதோ எளிதன்று. தோற்றவனுக்கு முடிவு எழுத நேரமில்லை, வென்றவனுக்கு முடிவு எழுத விடுதலையில்லை. அகிரா தொரியாமாவின் 'டிராகன் பால்' 1984 முதல் 1995 வரை ஓடி 42 நூல்களாயிற்று. வாரவாரம் அப்போதைக்கப்போது கதை புனைந்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவருடைய முன்னாள் ஆசிரியர் தொரிஷிமா, புதிதாக வந்த இயந்திரப் பகைவர்களைக் கண்டு முகம் சுளித்தாராம்; உடனே வேறிரு இளம் பகைவர்கள் வந்தார்கள்; அவர்களும் அவருக்குப் பிடிக்கவில்லை; செல் என்னும் மூன்றாம் பகைவன் வந்தான். தொரியாமாவின் கைத்திறன் அந்த ஒட்டுவேலையையும் தாங்கியது. அவர் 2024இல் மறைந்தபோது உலகமே வருந்தியது. ஆனால் அவருடைய திறன் இல்லாமல், அவருடைய முறையை மட்டும் கைக்கொண்ட தொடர்கள் எத்தனையோ பாதி வழியில் தள்ளாடின.

முடிவு தெரிந்திருப்பது மட்டும் போதும் என்று சொல்லவும் நான் துணியேன். அதற்கு மாறான சான்று ஒன்று உண்டு. கயு ஷிராய் எழுத, போசுகா தெமிசு வரைந்து 2016 முதல் 2020 வரை வெளிவந்த 'தி பிராமிஸ்டு நெவர்லாண்ட்' என்னும் மாங்கா, அரக்கர்களுக்கு உணவாகவே தாம் வளர்க்கப்படுவதை அறிந்துகொண்ட அனாதை இல்லச் சிறுவர்களின் கதை. 2019இல் வந்த அனிமேயின் முதற்பருவம், அன்பு காட்டும் வளர்ப்புத்தாயே காவலாளி என்னும் கொடுமையை மூச்சடைக்கும்படி காட்டியது. 2021இல் இரண்டாம் பருவம் வந்தபோது மூலக்கதை முடிந்திருந்தது. முடிவு எல்லோர் கையிலும் இருந்தது. ஆயினும் பதினொரே அத்தியாயங்களில் எல்லாவற்றையும் அடைக்க முயன்று, மூலத்தில் வாசகர் பெரிதும் போற்றிய கோல்டி பாண்ட் என்னும் பகுதியையே விட்டுவிட்டார்கள். இறுதியில் ஓர் உலகம் மாறும் கதையை அசையாப் படங்களின் வரிசையாக ஓட்டிக் காட்டி முடித்தார்கள். அபிமன்னன் சண்டையும் கர்ணமோட்சமும் இல்லாமல் நேரே படுகளத்துக்கு வந்தால் ஊரார் என்ன சொல்வார்கள்? கூந்தல் முடிவதற்குரிய விலையை இரவிரவாகக் கொடுத்தாக வேண்டும்.

நன்மைக்கும் சான்று இல்லாமலில்லை. ஹிரோமு அரகாவா என்னும் பெண் படைப்பாளர் 2001இல் தொடங்கிய 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' 2010இல் 27 நூல்களில் நிறைவுற்றது. இழந்த உடலை மீட்கப் புறப்பட்ட இரு சகோதரர்களின் கதை அது. வித்து கன்னித்தீவின் வித்துக்கு மிகவும் தொலைவில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் அந்தக் கேள்வியை ஒருநாளும் மறக்கவில்லை. இழந்ததை மீட்க எதைக் கொடுப்பாய் என்று முதலில் கேட்டதற்கே கடைசியில் விடை சொன்னார்.

நம்மவர் ஏன் அவ்வாறு எழுதவில்லை? திறன் இல்லாமையால் என்று நான் நம்பவில்லை. கூத்துக்குப் பாட்டுக் கட்டியவர்கள் புலவர்கள். மேடையில் நின்றவரை ஊர் கொண்டாடியது போலவே, பாட்டு நன்றாயிருக்கிறதா என்றும் ஊர் பார்த்தது. படக்கதை வந்தபோது புலவர் ஒதுங்கிக்கொண்டார். அது சிறுவர் சமாசாரம், சிவகாசிச் சரக்கு என்று தள்ளிவைத்தோம். நம் கூட்டங்களிலேயே அப்பேச்சு எழுந்தால் ஒரு புன்னகை ஓடி மறையும். படம் வரையத் தெரிந்த இளைஞர்கள் இன்று இவ்விரு ஊர்களிலும் குறைவில்லை. அவர்களுக்குக் கதை எழுதித் தருவோர்தாம் இல்லை. தாமே எழுதுகிறார்கள், முதல் மூன்று அத்தியாயங்கள் மின்னுகின்றன, நான்காவதில் ஒரு புதிய பகைவன் வருகிறான்.

ஒதுங்காதவர் ஒருவர் இருந்தார். வாண்டுமாமா என்னும் வி. கிருஷ்ணமூர்த்தி, 'கல்கி', 'கோகுலம்' ஆகியவற்றில் எழுதி, 1984இல் தொடங்கிய 'பூந்தளிர்' இதழுக்கு ஆசிரியராகவும் இருந்தவர். படக்கதைக்கென்றே உரையாடலைச் செதுக்கியவர். ஓவியர் செல்லத்தோடு அவர் சேர்ந்து செய்த கதைகளில், படம் சொல்லிவிட்டதை எழுத்து மறுபடி சொல்லாது. எழுத்து விட்ட இடத்தைப் படம் பிடித்துக்கொள்ளும். அளவறிந்து தொடங்கி அளவறிந்து முடிப்பார். 2014இல் அவர் மறைந்தார். பத்தாண்டுகளில் நாம் எத்தனையோ நூல்களுக்கு விமர்சனக் கூட்டம் நடத்தியிருக்கிறோம். வாண்டுமாமாவின் படக்கதைகளை மேசைமீது பரப்பி வைத்து ஒரு மாலையேனும் பேசியதில்லை. பதினோராம் ஆண்டின் நிகழ்ச்சி நிரல் இன்னும் அச்சேறவில்லை என்று செயலாளர் சொல்கிறார்.