டிரஃபால்கர் பரிசு வாளின் வாசகம்

இலண்டன் கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் லாயிட்ஸ் நாட்டுப்பற்று நிதியத்தின் பரிசு வாள்கள் பல பாதுகாக்கப்பட்டுள்ளன. 1803ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வணிகரும் கப்பற் காப்பீட்டாளரும் கூடித் தொடங்கிய நிதியம் இது. காயமுற்றோர்க்கும் இறந்தோர் குடும்பத்தார்க்கும் பொருளுதவி செய்ததோடு, அலுவலர்களுக்கு வாளும் வழங்கிற்று. கப்பல் தலைவர்க்கு 100 பவுன், லெப்டினன்டுக்கு 50, அவர்க்குக் கீழோர்க்கு 30 என வாளின் மதிப்புப் பதவியை ஒட்டி அமைந்தது. வாளுக்கு ஈடாகப் பணமும் பெறலாம். எனவே, இதனைப் போர்க்கருவி என்பதினும் விலை குறித்த மரியாதை என்பதே பொருந்தும். 1809இல் இவ்வழக்கம் கைவிடப்பட்டது.

வாளின் கைக்காப்பு ஹெர்க்குலிசின் தண்டு, அதனைச் சுற்றிப் பாம்பு, பிடியின்மேல் சிங்கத்தோல், குறுக்கே உரோமானியக் கோற்கட்டு. இவற்றின் உட்பொருளை விளக்கும் அச்சுக் குறிப்பு ஒன்றும் வாளுடன் தரப்பட்டது. பெறுவோர்க்கே குறியீட்டுக்கு உரை தேவைப்பட்டது போலும்.

மொழியியலார்க்கு உரியது, நீலமேற்றிய அலகில் பொன்னெழுத்தாய் அமைந்த வாசகம். டிரஃபால்கர் வாள்களில் வழங்குவோர் முதலிலும், பெறுவோர், அவர்தம் கப்பல், பணி, வெற்றி, தோற்ற படைகள் ஆகியவை அடுத்தடுத்தும், இடமும் நாளும் இறுதியிலும் வரும். முற்றுவினை இல்லை. தமிழில் இவ்வரிசை ஏறத்தாழத் தலைகீழாகும்: '1805 அக்டோபர் 21இல் டிரஃபால்கர் முனைக்கு அப்பால் பிரெஞ்சு, ஸ்பானியக் கூட்டுக் கடற்படைகள்மீது பெற்ற பெருவெற்றிக்குத் துணைநின்ற சீரிய பணிக்காக, இன்ன கப்பலின் தலைவர் இன்னாருக்கு லாயிட்ஸ் நாட்டுப்பற்று நிதியம் வழங்கியது.' நிதியத்தின் முதன்மை இதனாற் குறையுமெனச் சிலர் தயங்கலாம். ஆயினும், ஆட்சியாண்டை முன்வைத்துக் கொடையைப் பின்கூறும் கல்வெட்டு மரபினர்க்கு இவ்வரிசை இயல்பானதே. 'வழங்கியது' என்பது வினைமுற்றாகவும் வினையாலணையும் பெயராகவும் நிற்கவல்லது; 'நிதியம் வழங்கிய பொருள் இது' எனக் கொண்டால் மூலத்தின் வினையின்மையும் ஒருவாறு காக்கப்படும்.

வெற்றிக்கு அடையாக வரும் 'சிக்னல்' என்ற சொல்லில் எச்சரிக்கை வேண்டும். போர் தொடங்குமுன் நெல்சன் கொடிகளால் விடுத்த செய்தி புகழ்பெற்றதாதலின், 'சமிக்ஞை' என்று பெயர்க்க மனம் தாவும். இங்கு அது 'குறிப்பிடத்தக்க' எனப் பொருள்படும் பெயரடையே. தலைவர் பலர்க்கும் வாசகம் ஒன்றே. ஆளும் கப்பலுமே மாறுவன. ஆங்கிலத்தில் அவ்வெற்றிடங்கள் தொடக்கத்தை ஒட்டி அமைய, தமிழில் முடிவை நோக்கி நகர்கின்றன.