காயலான் கடையில் பிறந்த சைக்கிள்

மலைச் சைக்கிள் எந்தக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்திலும் பிறக்கவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுன்ட்டி என்றொரு மலைப்பகுதி இருக்கிறது. 1970களில் அங்கே சில இளைஞர்கள் காயலான் கடைகளிலும் பழைய கொட்டகைகளிலும் கிடந்த துருப்பிடித்த சைக்கிள்களைப் பொறுக்கிவந்து பூட்டியதுதான் அதன் தொடக்கம். இன்றைக்கு வீட்டிலேயே மோட்டார் பூட்டி ஒரு மின்சார மலைச் சைக்கிள் செய்துவிடலாமா என்று யோசிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த இளைஞர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் இரண்டு கதையும் ஒன்றேதான் என்று சொல்லிவிடவும் முடியாது. எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

அவர்கள் தேடிப்போனது ஷ்வின் எக்செல்சியர் மாதிரியான பழைய வண்டிகளை. 1933இல் ஷ்வின் கம்பெனி தடித்த பலூன் டயர் போட்ட சைக்கிள்களைக் கொண்டுவந்தது. முரட்டு இரும்பு, ஒரே கியர், அடித்தாலும் உடையாத ஃபிரேம். அப்போதைய ரேஸ் சைக்கிள்கள் மண்பாதையில் நொறுங்கிவிடும், இவை தாங்கும். மட்கார்டு, கேரியர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்த பிறகும் 20 கிலோவுக்கு மேல் இருக்கும். 'கிளங்கர்' என்று பெயர் வைத்தார்கள். நம்மூர் 'டப்பா வண்டி'தான்.

ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மண்பாதை, மூன்றரை கிலோமீட்டருக்குள் சுமார் 400 மீட்டர் கீழே இறங்கும். இந்த வண்டிகளில் இருந்தது கோஸ்டர் பிரேக், அதாவது பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பின்சக்கர ஹப்புக்குள் பிடிக்கும் பிரேக். அந்த இறக்கத்தில் ஹப் கொதித்து உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைக் கழற்றிப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் அந்த வேலைக்கு 'ரீபேக்' என்று பெயர். பாதைக்கும் அதுவே பெயராகிவிட்டது. 1976 அக்டோபர் 21 அன்று அங்கே முதல் பந்தயம் நடந்தது. சார்லி கெல்லி ஏற்பாடு செய்தார். பின்னாளில் கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கியது அந்தப் பாதையின் சாதனை.

எனக்கு இந்தக் கதையில் சுவாரஸ்யமான இடம் இறக்கம் இல்லை, ஏற்றம். 20 கிலோ இரும்பை ஒரே கியரில் மேலே மிதிக்க முடியாது. தள்ளிக்கிட்டுதான் போகணும், இல்லைன்னா லாரியில் ஏற்றணும். 1974 டிசம்பரில் மரினில் நடந்த ஒரு பந்தயத்துக்குக் கூப்பர்டினோ ஊர்க்காரர்கள் சிலர் டிரெய்லர் கியர் மாட்டிய பழைய வண்டிகளோடு வந்து நின்றார்கள். ஃபிஷரும் தன் கிளங்கரில் கியர் மாட்டினார். டிரம் பிரேக்கும், மோட்டார் சைக்கிள் பிரேக் பிடியும் சேர்த்தார். அடுத்து ஜோ பிரீஸ். எக்செல்சியரின் அளவுகளை அடிப்படையாக வைத்து, 1977இல் குரோம்-மாலி குழாயில் புதிதாகவே ஒரு ஃபிரேம் செய்தார். அந்த முதல் வண்டி 38 பவுண்டு, சுமார் 17 கிலோ. இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த 17ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1979இல் ஃபிஷரும் கெல்லியும் டாம் ரிச்சி செய்த ஃபிரேம்களை வைத்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். வண்டி சுமார் 1,300 டாலர். 1981இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி ஜப்பானில் செய்யவைத்த ஸ்டம்ப்ஜம்பர் 750 டாலருக்கு வந்தது. காயலான் கடைச் சரக்கு ஷோரூமுக்குப் போய்விட்டது.

மோட்டார் கதை இதைவிடப் பழையது. ஒஹையோ மாநிலத்தின் ஆக்டன் போல்ட்டன், பின்சக்கர ஹப்புக்குள்ளேயே மோட்டார் வைத்த சைக்கிளுக்கு 1895 டிசம்பர் 31இல் காப்புரிமை வாங்கிவிட்டார். இன்று கிட்டாக விற்கும் ஹப் மோட்டாருக்கும் அந்தப் படத்துக்கும் அடிப்படை ஒன்றுதான். அப்படியென்றால் ஏன் நூறு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது? பேட்டரி. ஒரு கிலோ ஈய-அமில பேட்டரியில் 30, 40 வாட் அவர்தான் தேறும். 1993இல் யமஹா, காலின் அழுத்தத்தை அளந்து அதற்கேற்ப உதவும் 'பாஸ்' சைக்கிளைக் கொண்டுவந்தபோதுகூட ஈய பேட்டரிதான். வண்டி சுமார் 31 கிலோ.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1991இல், சோனி லித்தியம் அயன் செல்லைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. முதலில் கேமராவுக்கும், பின்னால் லேப்டாப்புக்கும் போன செல்தான் சைக்கிளை மாற்றியது. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், ஐம்பது கிராமுக்குள் எடை, ஏறத்தாழ 12 வாட் அவர். ஈயத்தோடு ஒப்பிட்டால் கிலோவுக்கு ஆறேழு மடங்கு.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆள் 75 கிலோ, வண்டி 18 கிலோ. ரீபேக்கின் 400 மீட்டர் ஏற்றத்தை ஏற, இயற்பியல்படி சுமார் 100 வாட் அவர் வேண்டும். பாதியை உங்கள் கால் கொடுக்கட்டும். மீதியை மோட்டார் கொடுக்கும்போது மண்தடத்தின் இழுப்பு, மோட்டாரில் வீணாகும் சூடு எல்லாம் சேர்த்து பேட்டரியிலிருந்து 80 போகும் என்று வைத்துக்கொள்வோம். இருபது செல் போட்ட ஒரு சின்ன பேட்டரியே 240 வாட் அவர். செல்களின் எடை ஒரு கிலோதான். மூன்று தடவை ஏறலாம். இலகுவான வண்டியின் ரகசியம் விலை உயர்ந்த கார்பன் ஃபிரேமில் இல்லை. நாமும் மிதிப்போம் என்று முடிவெடுப்பதில் இருக்கிறது.

செலவைக் குறைக்க நினைப்பவருக்கு மற்றதெல்லாம் எளிது. முன்பக்க ஷாக் மட்டும் உள்ள பழைய அலுமினிய வண்டி, 13 கிலோவுக்குக் கிடைக்கும். சின்ன ஹப் மோட்டார் இரண்டு, இரண்டரை கிலோ. ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது அதுவும் அந்தப் பழைய ஹப் போலவே சூடேறும். பெடல் அச்சில் பூட்டும் மோட்டார் சங்கிலியையும் கியரையும் பயன்படுத்திக்கொள்வதால் ஏற்றத்துக்கு நல்லது. அது நான்கு கிலோ வரை போகும். செயினும் சீக்கிரம் தேயும். பேட்டரி, கன்ட்ரோலர், ஒயர் எல்லாம் சேர்த்தால் மொத்தம் 17 முதல் 19 கிலோ. பிரீஸின் முதல் வண்டி மோட்டார் இல்லாமலே 17 கிலோ!

கதைகள் பிரியும் இடம் பேட்டரி. கிளங்கரில் எரிந்தது கிரீஸ், திரும்ப அடைத்துக்கொள்ளலாம். லித்தியம் செல் எரிந்தால் அடைக்க ஒன்றும் இல்லை. நியூயார்க் நகரில் 2023இல் மட்டும் லித்தியம் பேட்டரித் தீ விபத்துகளில் 18 பேர் இறந்தார்கள். மின்சைக்கிளை நம்பிப் பிழைக்கும் உணவு டெலிவரி தொழிலாளர்கள் அதிகமுள்ள நகரம் அது. பழைய செல்களைப் பிரித்தெடுத்து மறுபடி பேட்டரியாகக் கட்டுவதை நகரம் சட்டம் போட்டுத் தடுத்தது. அதனால் என் கருத்து இதுதான்: ஃபிரேமைக் காயலான் கடையில் வாங்குங்க, பேட்டரியை மட்டும் வேண்டாம். பட்ஜெட்டில் பெரும்பங்கு சோதனைச் சான்றிதழ் உள்ள, பாதுகாப்புச் சுற்று வைத்த புது பேட்டரிக்கே போகட்டும். வீட்டில் செல் ஒட்டிப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுவது நல்லது.

'அப்புறம் எதுக்கு நாமளே செய்யணும், ரெடிமேடா வாங்கிடலாமே' என்று கேட்கலாம். ஷோரூம் வண்டி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பல கம்பெனி வண்டிகளில் மோட்டாரும் பேட்டரியும் மென்பொருளால் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்கின்றன. வேறு பேட்டரியை ஏற்காது, கம்பெனி கருவி இல்லாமல் கோளாறு என்னவென்று சொல்லாது. அந்த மாடலைக் கம்பெனி கைவிட்டால் நல்ல வண்டியும் பழைய இரும்புதான். ஷ்வின் கம்பெனி யாருடைய அனுமதியையும் கேட்கவைக்கவில்லை. ஸ்பேனர் இருந்தவன் திறந்தான். திறந்ததால்தான் ஒரு புது வண்டியே பிறந்தது. நாற்பது வருடம் பழைய சைக்கிளில் அந்த இளைஞர்கள் கியர் மாட்ட முடிந்தது. இன்றைய மின்சைக்கிளில் நாற்பது வருடம் கழித்து ஒருவர் எதையாவது மாட்ட முடியுமா?

கிட் வாங்கிப் பூட்டுகிறவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் எந்த ஒயர் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். எது கெட்டாலும் அதை மட்டும் மாற்றுவார். மலைச் சைக்கிள் தொடங்கிய காலத்தில் அது சாதாரண விஷயம். இன்று அதை விட்டுவிடாமல் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.