துண்டுச் சீட்டும் பத்திரிகைத் தாளும்

கண்டியிலிருந்து தெல்தெனியா வழியாக மகியங்கனைக்குச் செல்லும் பெருவழியில் ஹுன்னஸ்கிரிய என்னும் மலையூர் இருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாடெங்கும் காப்பிப் பயிர் பரவியபோது, இவ்வூரைச் சூழ்ந்த காடுகளும் வெட்டப்பட்டுத் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் உழைக்க வந்தோர் தென்னிந்தியத் தமிழர். மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள் காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்தே மலையேறினர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டோர் பலர்.

பிரித்தானிய நாடாளுமன்றம் 1833ஆம் ஆண்டில் நிறைவேற்றிய அடிமை ஒழிப்புச் சட்டம் இலங்கைக்குப் பொருந்தாதென விலக்கப்பட்டிருந்தது. இங்கு அடிமைமுறை சட்டத்தால் முற்றாக நீக்கப்பட்ட ஆண்டு 1844. ஆகவே, தோட்டத்துக்கு வந்த தொழிலாளி சட்டத்தின் கண்ணில் அடிமையல்லன். கூலி பெறும் உரிமையுடையவன். ஆயினும் அவன் விரும்பியபோது தோட்டத்தை விட்டு நீங்க முடிந்ததா? முடியவில்லை. 1865ஆம் ஆண்டின் தொழிற்சட்டப்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுச் செல்வது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிற்று.

சட்டத்தினும் வலிய தளை கடன். கப்பற்செலவு, வழிச்செலவு, அரிசி ஆகியவற்றுக்குக் கங்காணி கொடுத்த முற்பணம் தொழிலாளியின் பேரில் ஏறிக்கொண்டே போயிற்று. அவன் வேறு தோட்டம் செல்ல வேண்டுமாயின், இவ்வளவு கடன் தீர்த்தால் இவனை விடலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். அதுவே ‘துண்டு’ எனப்பட்டது. புதிய துரை அத்தொகையைச் செலுத்தி ஆளைப் பெறுவார்; ஆளோடு கடனும் உடன் செல்லும். எழுத்தறியாத அவனுக்குத் தன் கடன் எவ்வளவு என்பதே தெரியாது.

முதலாம் உலகப்போர்க் காலத்தை ஒட்டித் தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து இலங்கைக்கு வந்த கோ. நடேசய்யர் இந்நிலையை ஆராயத் துணிந்தார். தோட்டங்கள் தனியார் நிலமாதலின், அனுமதியின்றி நுழைவோர் மீது அத்துமீறல் வழக்குத் தொடரலாம். எனினும் புடைவை வியாபாரிக்கு லயங்களில் தடையில்லை. எனவே பத்திரிகாசிரியரான நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடம் பூண்டு உட்சென்றார். தொழிலாளரின் வாழ்வையும் துயரத்தையும் நேரிற் கண்டறிந்தார்.

கண்டவற்றைப் பத்திரிகைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் எழுதினார். 1921இல் தேசநேசன், 1924இல் தேசபக்தன் ஆகிய பத்திரிகைகளின் வாயிலாக அவர் குரல் ஒலித்தது. துரைமாரை மாத்திரமன்றிக் கங்காணிமாரையும் அவர் கடிந்தெழுதினார். தொழிலாளருக்குரிய சட்டங்களை எளிய தமிழில் நூலாக்கினார். படிக்க இயலாதோர் பொருட்டு அவர் மனைவியார் மீனாட்சியம்மாள் பாடல்கள் இயற்றிப் பாடினார். சீட்டால் கட்டுண்டவருக்குத் தாளையே விடுதலைக் கருவியாக்கியது இத்தம்பதியரின் தொண்டு.

துண்டு முறை 1921ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இம்மாற்றத்தை ஒருவர் சாதனையாகக் கூறுவது பொருந்தாது. இந்திய அரசின் வற்புறுத்தல் உட்படப் பல காரணங்கள் அதற்குண்டு. ஆனால் ஏட்டில் வந்த சட்டம் லயத்தை எட்டுகின்றதா என்று இடைவிடாது கேட்டவர் நடேசய்யர். 1925இல் சட்டநிரூபண சபை புகுந்தார். இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்த 1927இல் அச்சபையில் இருந்தார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென அட்டனில் சங்கம் நிறுவினார். 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் அட்டன் தொகுதியின் பிரதிநிதியாக விளங்கினார்.

1947 நவம்பரில் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் நிறைவேறிற்று. இன்ன தோட்டத்தைச் சேர்ந்தவன், இவ்வளவு கடன்பட்டவன் என்று ஒரு சீட்டு ஒருகாலத்தில் அம்மக்களைக் கட்டியது. எந்நாட்டையும் சேராதவர் என்று வேறொரு தாள் பின்னர் அவர்களைத் தள்ளிவைத்தது. ஒரு மனிதனைப் பற்றி எழுதப்படுவது யாதென அவனே படித்தறிய வேண்டும் என்ற நடேசய்யரின் கொள்கை எத்துணை இன்றியமையாதது என்பதை இவ்விரண்டு தாள்களும் உணர்த்துகின்றன.