இதழை உதிர்ப்பது யார்? ஒரு சுவரின் கதை

ரோஜா இதழ் கீழே விழுந்தால் "வாடிடுச்சு, காத்துல உதிர்ந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். உண்மையில் காற்று வெறும் சாக்குதான். இதழை வெட்டிவிடுவது செடியே! இது எப்படித் தெரிய வந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

1665-ல் ராபர்ட் ஹூக் தக்கையை நுண்ணோக்கியில் பார்த்து, அந்தச் சின்ன அறைகளுக்கு 'செல்' என்று பெயர் வைத்தார். அவர் பார்த்தது உயிரில்லாத காலி அறைகளின் சுவர்களைத்தான். அந்தச் சுவரில் எவ்வளவு வேலை நடக்கிறது என்று தெரிய முந்நூறு வருடம் ஆனது.

அடுத்த காட்சி அமெரிக்காவின் சிகாகோ. கண்ணாடி வீடுகளில் வளர்த்த கார்னேஷன் பூக்கள் காரணமே தெரியாமல் மூடிக்கொண்டன, மொட்டுகள் விரியவில்லை. பூ வியாபாரிகளுக்குப் பெரிய நஷ்டம். 1908-ல் க்ராக்கர், நைட் என்ற இருவர் ஆராய்ந்தபோது, விளக்கு எரிக்கப் பயன்பட்ட வாயுவில் இருந்த எத்திலீன்தான் குற்றவாளி என்று தெரிந்தது. (அதே வாயு பட்டாணி நாற்றுகளைக் கோணலாக்குவதை 1901-லேயே ரஷ்யாவின் நெல்யூபோவ் காட்டியிருந்தார்.) 1934-ல் இங்கிலாந்தின் கேன் இன்னொன்றைக் காட்டினார். ஆப்பிள் பழம் தானே எத்திலீனைத் தயாரிக்கிறது! ஆக, அது வெளியிலிருந்து வரும் விஷம் மட்டுமல்ல, செடியின் சொந்தச் செய்தியும்கூட.

செய்தி வந்ததும் என்ன நடக்கிறது? 1967-ல் ஹார்ட்டன், ஆஸ்போர்ன் இருவரும் அவரைச் செடியின் இலை உதிரும் இடத்தில் செல்லுலேஸ் என்ற நொதி கூடுவதைக் கண்டார்கள். சுவரின் செல்லுலோஸை உடைப்பது அதுதான்.

வளர்ச்சியின் கதையும் இதே சுவரில்தான் நடக்கிறது. 1992-ல் பென்சில்வேனியாவில் காஸ்குரோவ் குழுவினர் வெள்ளரி நாற்றிலிருந்து 'எக்ஸ்பான்சின்' புரதங்களைப் பிரித்தெடுத்தார்கள். இவை சுவரை வெட்டுவதில்லை, தளர்த்துகின்றன. உள்ளே இருக்கும் நீரின் அழுத்தத்தில் செல் பெரிதாகிறது. 2004-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் பெட்டூனியாவில் ஒரு எக்ஸ்பான்சின் மரபணுவை அடக்கினார்கள். இதழ் சிறுத்துப்போனது.

இப்போது திருப்பம். லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் சீக்கிரமே உதிரும் ஒரு வாசனை ரோஜாவை ஆராய்ந்தார்கள். எத்திலீன் பட்டதும் இதழ் உதிரும் இடத்தில், சுவரின் இழைகளை வெட்டி ஒட்டும் 'எக்ஸ்.டி.எச்.' மரபணுக்கள் வேகமெடுப்பதை 2011-ல் வெளியிட்டார்கள். அதே ரோஜாவில் ஒரு எக்ஸ்பான்சினும் உதிர்வில் பங்கெடுக்கிறது. பூவை விரிக்கும் அதே குடும்பம்தான் உதிர்க்கவும் செய்கிறது!

2003-ல் நார்வேயில் அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் 'ஐடா' என்ற மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. அது பழுதானால் இதழ் வாடும், ஆனால் விழவே விழாது. அப்படியென்றால் வாடுவது வேறு, உதிர்வது வேறு. 2018-ல் கொரிய ஆய்வாளர்கள் இன்னும் நுணுக்கமாகக் காட்டினார்கள். உதிரும் பக்கத்துச் செல்கள் லிக்னினால் தேன்கூடு போல ஒரு வேலி கட்டுகின்றன. சுவரைக் கரைக்கும் நொதி பரவாமல் சரியான கோட்டில் மட்டும் வெட்டு விழுகிறது. செடியில் காயமும் ஆறாமல் நிற்பதில்லை.

பறித்த பூ சந்தைக்குப் போவதற்குள் உதிர்ந்தால் நஷ்டம் விவசாயிக்குத்தான். அதனால்தான் இந்தச் சுவரைப் பற்றி இவ்வளவு ஆராய்ச்சி. இனி உதிர்ந்த இதழைப் பார்த்தால் காற்றைத் திட்டாதீர்கள் :-)