கோத்தா பாலம் (கிள்ளான்)

கோத்தா பாலம், மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் கிள்ளான் நகரின் வடகரையையும் தென்கரையையும் இணைக்கும் இரண்டடுக்கு இரும்புப் பாலம். நாட்டின் முதல் இரண்டடுக்குப் பாலம் இதுவே.

கோலாலம்பூரைக் கடந்து வரும் கிள்ளான் ஆறு, இந்த நகரத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு கடலுக்குப் போகிறது. 1886இல் கோலாலம்பூரிலிருந்து போடப்பட்ட ரயில் பாதை, ஆற்றைத் தாண்ட வழியில்லாமல் புக்கிட் கூடாவிலேயே நின்றுவிட்டது. 1890இல் ரயில் பாலம் எழுந்த பிறகுதான் கிள்ளானுக்குள் வண்டி நுழைந்தது. அந்தத் தண்டவாளங்களிலும் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களிலும் பாடுபட்டவர்களில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர்கள் ஏராளம். 

சாலைப் போக்குவரத்துக்கென 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பாலம் வந்தது. அப்போது சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஹென்றி கான்வே பெல்ஃபீல்டின் பெயர் அதற்கு. இரண்டாம் உலகப்போர் அதை விட்டுவைக்கவில்லை. அதற்கு மாற்றாக 1950களின் இறுதியில் வேலை தொடங்கி, 1960களின் தொடக்கத்தில் நிறைவுற்றது இன்றைய பாலம். மலாயில் ‘கோத்தா’ என்றால் கோட்டை; பக்கத்து மேட்டில் இருந்த, மலாய்த் தலைவர் ராஜா மகாடியின் கோட்டையே பெயருக்குக் காரணம்.

இரண்டடுக்குப் பாலங்கள் உலகுக்குப் புதியவை அல்ல. இங்கிலாந்தின் நியூகாசிலில் 1849இல் திறந்த பாலமும், அலகாபாத்தில் யமுனைமீது 1865இல் திறந்த நைனி பாலமும் மேலே ரயிலையும் கீழே சாலையையும் தாங்கின. கிள்ளானில் பிரித்ததோ வேறு: மேல்தளம் மோட்டார் வண்டிகளுக்கு, கீழ்த்தளம் நடந்தும் சைக்கிள் மிதித்தும் போகிறவர்களுக்கு. கார் வைத்திருந்தவர்கள் சிலரே என்ற காலத்தில், சந்தைக்கும் பள்ளிக்கும் வேலைக்கும் ஆற்றைக் கடந்த எளிய மக்களுக்குத் தனித்தளம் ஒதுக்கியதே இப்பாலத்தின் உண்மையான பெருமை. நாட்டில் முதலாவது என்ற பட்டம்கூட அதற்கு அடுத்ததுதான். வெயிலும் மழையும் படாமல், லாரிக்கு ஒதுங்க வேண்டிய அச்சமும் இல்லாமல் அவர்கள் அக்கரை சேர்ந்தார்கள்.

தென்கரையில்தான் தமிழர் கடைகள் நிறைந்த ஜாலான் தெங்கு கிளானா இருக்கிறது. தீபாவளி நெருங்கினால் அங்கே கால் வைக்க இடமிருக்காது. 1892இல் நிறுவப்பட்ட சுந்தரராஜப் பெருமாள் கோயிலும் இக்கரையில்தான். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பக்தர் கூட்டம் அலைமோதும்.

போக்குவரத்து பெருகியதால் 1990களில் அருகிலேயே புதிய பாலம் கட்டி, பழைய மேல்தளத்தை வாகனங்களுக்கு மூடினார்கள். 2017இல் ராஜா மூடா நாலா பாலமும் சேர்ந்தது. கோத்தா பாலத்தின் கீழ்த்தளம் மட்டும் நடப்பவர்களுக்கான வழியாகவே நீடிக்கிறது.